என்டர் தட்டுவதற்கு முன் ஒரு சங்கல்பம்

போன மாதம் நான் வேலை பார்த்த கண் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்கள். காபி குடித்து முடித்ததும் ஒருத்தி கேட்டாள்.

"சார், நீங்க இருந்தப்ப அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல எல்லாத்தையும் கையாலயே அடிப்பீங்களாமே? இப்பல்லாம் என்ன வேணும்னு ஏஐகிட்ட சொன்னா அதுவே கமாண்டை எழுதிக் குடுத்துடுது. எடுத்து ஒட்டிட்டு என்டர் தட்டறதுதான் எங்க வேலை."

"ஒட்டினதைப் படிச்சிட்டுத் தட்டுவீங்களா, படிக்காம தட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும் என்பார்கள். அது சிவந்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்னொருத்தி அவசரமாக, "அதுக்குத்தான் சார், புதுசா வர்றவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை இது. ஆனாலும் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தான். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்போது அது செங்கம் சாலையை ஒட்டி, ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. என் மெஷின் சத்தம் கேட்டால் மழை பெய்கிறதோ என்று வெளியே எட்டிப் பார்ப்பார்களாம். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மேனேஜர் சொன்னது. அந்த வேகம்தான் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டது. நாற்பதைத் தாண்டி, தலையில் நரை விழ ஆரம்பித்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு சர்வர் வந்தது. கண்ணாடி பிரேம்கள் அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஏசி போட்டு, அதை உள்ளே உட்கார வைத்தார்கள். "ஏழுமலை வேகமா அடிப்பாரு, அவரையே அங்க போட்டுடுங்க" என்றார் மேனேஜர். வேகமாக ஓடுகிறவனைக் கூப்பிட்டு வண்டி ஓட்டச் சொன்ன கதைதான்.

அந்த அறைக்கு மேலதிகாரி கௌரி மேடம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். கோயில் குருக்கள் குடும்பத்துப் பெண். வேலூரில் படித்து, சென்னையில் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி இந்த ஊருக்கே வந்தவர். சக்கரம் வைத்த நாற்காலியில் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டிய இடத்தில் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்குப் பதில் இரண்டு வசவு வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

முதல் நாளே மானம் போனது. திரை முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெயரை அடித்தேன், வந்தது. பாஸ்வேர்டை அடித்தேன், ஒரு எழுத்தும் வரவில்லை. பலமாக அடித்தேன். மெஷினில் ரிப்பன் காய்ந்துபோனால் அப்படித்தான் செய்வோம். அப்போதும் வரவில்லை.

"மேடம், கீபோர்டு போயிடுச்சி. வேற மாத்தணும்."

"போகலைங்க சார். பாஸ்வேர்டு அடிச்சா காட்டாது. பின்னாடி நிக்கறவங்க பாக்கக் கூடாது இல்ல?"

"பின்னாடி நீங்கதான நிக்கறீங்க?"

"ம்ம்" என்றார்.

உள்ளே போனதும், டைப்பிஸ்ட் புத்தி எங்கே போகும், ஒரு கடிதத்தை ஆரம்பிப்பது போல மரியாதையாக Respected Sir என்று இரண்டு வார்த்தை அடித்து என்டர் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று பதில் வந்தது. இருபது வருஷமாக அந்த இரண்டு வார்த்தைக்குத் தலையாட்டாத அதிகாரி இல்லை. இந்தப் பெட்டி முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எனக்கு நாற்பத்திச் சொச்சம் என்பதால் கொஞ்சம் முனகிக்கொண்டு வளைந்தேன். pwd என்று அடித்தால் இப்போது எந்த அடைவில், அதாவது எந்தக் கோப்பு அறையில், நிற்கிறோம் என்று சொல்லும். ls அடித்தால் அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். rm அடித்தால் அழிக்கும். அழித்தது அழித்ததுதான், குப்பைத்தொட்டி எல்லாம் கிடையாது. சொன்ன வேலையை ஒழுங்காக முடித்துவிட்டால் வாயே திறக்காது. என் மாமனார் அந்த ரகம். அவர் திட்டவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் அந்த மௌனம் மட்டும் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது whoami. நான் யார் என்று கேட்பது. எங்கள் ஊர் மலையடியில், செங்கம் சாலையில் ஆசிரமங்களை ஒட்டி வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்தவர்கள்தான். வருஷக்கணக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். நான் அடித்த மாத்திரத்தில் அடுத்த வரியில் elumalai என்று பதில் வந்துவிட்டது. "பாருங்க மேடம், எனக்கு ஞானம் வந்துடுச்சி" என்றேன். கௌரி மேடம் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் டைப்பிஸ்டுக்கு ஒரு வியாதி உண்டு. வரி முடிந்தால் கை தானாக உருளையைத் தள்ளிவிடும். யோசித்துத் தள்ளுவதில்லை, கண்ணும் அங்கே இருக்காது. பக்கத்தில் வைத்திருக்கிற காகிதத்தில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் அந்த வேலையை என்டர் செய்கிறது. காகிதத்தில் தப்பாகத் தள்ளினால் வெள்ளை பூசித் திருத்தலாம். இங்கே தள்ளினால் காரியம் நடந்து முடிந்துவிடும். என் விரல் என்டர் பக்கம் போவதைப் பார்த்த முதல் வாரத்திலேயே மேடம் ஒரு முறை கொண்டுவந்தார்.

"கையை எடுங்க, ஏழுமலை சார்."

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறேன், யாராக நிற்கிறேன், என்ன தேதி, எதைத் தொடப்போகிறேன், யாருக்காக. ஒவ்வொன்றையும் மெஷினிடம் கேட்டு, அது காட்டுவதைப் படித்துவிட்டு, அதன் பிறகுதான் என்டர்.

"இது என்னங்க மேடம், எல்கேஜி புள்ளை மாதிரி?"

"சங்கல்பம் சார். உங்க வீட்டுல கணபதி ஹோமம் பண்ணியிருப்பீங்க இல்ல? பூவை எடுக்கறதுக்கு முன்னாடி என்ன சொல்லுவாங்க? எந்த நாடு, எந்த மலைக்குப் பக்கத்துல, எந்த வருஷம், எந்த திதி, யாரு பண்றா, யாருக்காக, என்ன காரியம். அதெல்லாம் சொல்லாம ஒரு பூ கூடப் போட மாட்டாங்க. அப்பா என் தம்பிக்கு சொல்லிக் குடுக்கறப்ப கேட்டுக்கிட்டே இருப்பேன். சாமிக்கு அட்ரஸ் தெரியாதான்னு கேட்டேன் ஒரு நாள். சாமிக்குத் தெரியும், பண்றவனுக்குத் தெரியணும் இல்லன்னார்."

எங்கள் வீட்டு விசேஷத்தில் ஐயர் மூச்சு விடாமல் அதைச் சொல்லும்போது நான் எப்போதும் இலையில் இருக்கிற வாழைப்பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் எரிச்சல்தான். ஊரிலேயே வேகமாக அடிக்கிறவனைக் கையைக் கட்டி உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? அறைக்கு வெளியே சர்பத் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த அம்மாவை மனசுக்குள் வறுத்துக்கொண்டேதான் போவேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கற்றுக்கொள்கிறவர் கையிலிருந்து கீபோர்டை வாங்க மாட்டார். எவ்வளவு தப்பு செய்தாலும், எவ்வளவு நேரம் ஆனாலும் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாரே தவிர, "தள்ளுங்க, நான் அடிச்சிடறேன்" என்று ஒரு தடவை சொன்னதில்லை. பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு விரலால்தான் அடிக்கத் தெரியும் என்பதும் ஒரு காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டேன்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கோவிந்தம்மாள். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டிச் சோறு போட்டது அக்காதான். எனக்குப் பயம் என்றால் அவளிடம் மட்டும்தான், இன்றைக்கும். அவளுக்கு வலது கண்ணில் புரை முற்றி வெள்ளையாகவே தெரிந்தது. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. தடவித் தடவிக் கடலை உடைப்பாள். ஒரு தடவை கஞ்சி வடிக்கும்போது காலில் ஊற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற தம்பி இருந்தும் இப்படியா என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்வி.

முதல் தடவை கெஞ்சி அழைத்து வந்தபோது சர்க்கரை ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகும்போது தெருவே கூடி வழியனுப்பியிருந்தது. திரும்பி வந்தபோது தெருவே கூடிக் கேட்டது. அவளுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருஷம் போல நடையாய் நடந்தேன். கீழ்பென்னாத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரி முகாம் போட்டபோது, சர்க்கரையும் கம்மியாகி இருந்தது, கடைசியில் இறங்கி வந்தாள்.

"இன்னாடா, இந்த ஒரு தபாதான். உன் மூஞ்சிக்காக வர்றேன். திருப்பி அனுப்புனாங்கன்னா கண்ணு அவிஞ்சாலும் சரி, அப்பறம் நீ வாயே தொறக்கக் கூடாது."

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஆகவே என் வரையில் அந்த ஆபரேஷன் நடந்தே தீர வேண்டும்.

முகாமில் ஒவ்வொருவர் கண்ணையும் கருவி வைத்து அளப்பார்கள். கண்ணுக்குள் எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்பது அந்த அளவில்தான் இருக்கிறது. அளவும் படமும் முகாம் லேப்டாப்பில் ஏறும். ஜீப் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் சர்வருக்கு நகலெடுத்துக்கொண்டு, லேப்டாப்பைத் துடைத்துச் சுத்தமாக்கி, அடுத்த ஊர் முகாமுக்கு அனுப்பிவிடுவோம். அளக்கிற கருவியும் அதே ஜீப்பில் போய்விடும். காகிதத்தில் எழுதி வைக்கிற வழக்கத்தைக் கணினி வந்ததும் நிர்வாகம் நிறுத்திவிட்டது. அதாவது அன்றைய நோயாளிகளின் கண் அளவு இருந்த ஒரே இடம் எங்கள் அறையில் இருந்த அந்தப் பெட்டிதான். அன்றன்றைய கோப்புகளுக்கு மறுநகல் எடுப்பது சாயங்காலம்.

முதல் நாள் முகாமில் அளந்த அக்காவையும் மற்றவர்களையும் ஜீப் கொண்டுவந்து இறக்கியது ஒரு பௌர்ணமி நாள் விடியற்காலையில். மத்தியானத்துக்கு மேல் கிரிவலக் கூட்டம் இறங்கிவிட்டால் எங்கள் ரோட்டில் வண்டி நகராது. டாக்டர் அதற்குள் ஆபரேஷன்களை முடித்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும், மறுநாள் அவருக்கு வேறு ஊரில் வேலை. காலையிலேயே எல்லோருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பச்சைத் துணி போர்த்தி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அக்கா மூன்றாவதோ நாலாவதோ. பக்கத்தில் அவளோடு ஒரே ஜீப்பில் வந்த சின்னப்பொண்ணு என்கிற அம்மா. இரண்டு பேரும் யார் வீட்டு மருமகள் எப்படி என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "சார், லென்ஸ் லிஸ்ட் பிரிண்ட் வரலை. டாக்டர் கேக்கறாரு."

போய்ப் பார்த்தால், வட்டில், அதாவது டிஸ்க்கில், இடமில்லை என்று சர்வர் சொல்லிவிட்டது. முகாம் படங்கள் வந்து இறங்கியதும் அது கழுத்துவரை நிரம்பி, ஒரு வரி எழுதக்கூட இடமில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. இதற்கு வழி எங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய முகாம் படங்களை எல்லாம் சிடியில் எழுதி பீரோவில் வைத்திருந்தோம். சர்வரில் இருக்கிற அந்தப் பழைய படங்களை அழித்தால் இடம் கிடைத்துவிடும். ஒரே வரிக் கட்டளை. முகாம் அடைவில் இரண்டு வருஷத்துக்கும் பழைய தேதி போட்ட கோப்பு எதுவோ அதையெல்லாம் தேடி அழி என்று சொல்கிற வரி.

அந்த வரியை நான் அடித்த வேகத்தை மேனேஜர் பார்த்திருந்தால் மறுபடி மழை என்றிருப்பார். விரல் என்டருக்குப் போனது.

"கையை எடுங்க, ஏழுமலை சார்."

"மேடம், டாக்டர் கத்தறாரு."

"கத்தட்டும். எடுங்க."

எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இடம், முகாம் அடைவு. ஆள், நிர்வாகி. தேதி, இன்றைய தேதி. தொடப்போவது, பழைய படங்கள்.

"யாருக்காக?"

வழக்கமாக இதற்கு ரிஜிஸ்டர் கவுண்டருக்காக, பார்மசிக்காக என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவேன். அன்றைக்கு வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எங்க அக்காவுக்காகங்க. வெளிய உக்காந்துகினு இருக்குது. இன்னிக்குத் திருப்பி அனுப்பிட்டா ஜென்மத்துக்கும் வராது."

மேடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மடக்கிய காலைக் கீழே இறக்கினார்.

"எழுந்திருங்க சார்."

"என்னங்க?"

"சொந்த மனுஷங்களுக்குப் பண்றப்ப கை அவசரப்படும். நான் உக்கார்றேன்."

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுத முடியாது. யார் கையிலிருந்தும் கீபோர்டை வாங்காத ஆள், என் அக்கா கண் விஷயத்தில், அதுவும் என் கையிலிருந்து வாங்குகிறார். வாங்கியாவது என்டரைத் தட்டினாரா? இல்லை. நான் அடித்த வரியின் கடைசிக்குப் போய், அழி என்கிற சொல்லை இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துவிட்டு, காட்டு என்கிற சொல்லைப் போட்டார். அதாவது அழிக்கப் போகிற கோப்புகளின் பெயரையும் தேதியையும் முதலில் காட்டச் சொன்னார். பக்கம் பக்கமாக வந்தது. நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

ஊர், பெயர், எந்தக் கண். வேட்டவலம், முனியம்மாள், இடது. சோமாசிபாடி, பச்சையப்பன், வலது. ஒன்று விடாமல்.

டாக்டரே கிளம்பி வந்துவிட்டார். கையுறை போட்ட கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கும் அவசரம்.

"என்னம்மா இது? நான் அங்க கையைத் தூக்கிட்டு நிக்கறேன், இங்க பூஜை நடக்குதா?"

"அர்ச்சனை டாக்டர். பேரு வாசிச்சிட்டு இருக்கேன்" என்றார் மேடம், திரும்பாமல்.

"சீக்கிரம் முடி. இல்லன்னா எல்லாரையும் அனுப்பிட வேண்டியதுதான். அடுத்த மாசம் வரட்டும்."

அடுத்த மாசம் என்றால் அக்கா வரவே மாட்டாள். நான் மேடத்தின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தள்ளிவிட்டு நானே தட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிக் கொடுத்தவர்கள் யாருக்கும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அக்கா உட்கார்ந்திருக்கவில்லை போலும்.

மேடம் அதே சுருதியில் படித்துக்கொண்டே போனார். "நாயுடுமங்கலம், தனபால், இடது. நாயுடுமங்கலம், ருக்குமணி, வலது. கீழ்பென்னாத்தூர், கோவிந்தம்மாள், வலது."

"மேடம்! அது எங்க அக்கா!"

"கோவிந்தம்மாள்னு ஊருக்குப் பத்துப் பேர் இருப்பாங்க சார். இது பழைய தேதி போட்டிருக்கு."

"அடுத்த பேரு என்னா?"

"கீழ்பென்னாத்தூர், சின்னப்பொண்ணு, இடது."

"அந்தம்மாதாங்க வெளிய எங்க அக்காகிட்ட மருமகளைப் பத்திப் பேசிகினு இருக்குது! ஒரே ஜீப்புல வந்தாங்க!"

மேடம் திரையையே பார்த்தார். எதிரே போட்டிருந்த தேதி, அந்தக் கோப்புகள் பிறப்பதற்குப் பல வருஷத்துக்கு முந்தையது. எங்கள் ஆஸ்பத்திரியில் முகாம் என்ற வழக்கமே தொடங்காத காலம். கீழ்பென்னாத்தூர் என்று ஆரம்பித்த அத்தனை வரியிலும் அதே மாதிரிதான். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் விடாமல் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. முகாம் லேப்டாப்பில் கடிகாரத்தை ஓட்டுகிற பொட்டு பேட்டரி செத்துவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி போடும்போதெல்லாம் அது தான் பிறந்த நாளுக்கே திரும்பிப் போய்விடும். முகாமில் அதை இயக்குகிறவரிடம் கேட்டோம். "ஆமாங்க, தெனமும் தேதி கேட்டுகினே இருக்குது. இருக்கற கூட்டத்துல அதுக்குப் பதில் சொல்லிகினு இருக்க முடியுமா? எஸ்கேப் தட்டிட்டு வேலையப் பாப்பேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. கோப்பின் தேதி மாறாமல் நகலெடுப்பது எங்கள் ஒழுங்கு. அந்த ஒழுங்கு அந்தப் பொய்த் தேதியையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. பழையதை அழி என்று சொன்னால் மெஷினுக்கு உலகத்திலேயே பழைய கோப்பு முதல் நாள் எடுத்ததுதான்.

மேடம் எழுந்து வெளியே போனார். மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.   நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணும் ஆகலை டாக்டர். ஆகியிருக்கும். ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க, யாரையும் அனுப்பாதீங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். கீழ்பென்னாத்தூர் கோப்புகளைத் தனியாக வேறு அடைவுக்கு நகர்த்தினார். நகர்ந்துவிட்டதா என்று அங்கே போய் ls அடித்துப் பார்த்தார். மறுபடி முகாம் அடைவுக்கு வந்து, எங்கே நிற்கிறேன் என்று கேட்டு, பட்டியலை மறுபடி முதலிலிருந்து வாங்கினார். மறுபடி படித்தார். இந்தத் தடவை டாக்டரும் சுவரில் சாய்ந்து நின்று, கையைத் தூக்கியபடியே, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டொரு பெயருக்கு, "ஆமா, பழைய ஆள்தான், நான்தான் பண்ணேன்" என்றுகூடச் சொன்னார். கடைசிப் பெயர் முடிந்ததும் காட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டு அழி என்ற சொல்லைப் போட்டு, கையை மடியில் வைத்து, "யாருக்காக" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, "வெளிய உக்காந்திருக்கறவங்களுக்காக" என்று சொல்லிவிட்டு, என்டர் தட்டினார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. ஒதுக்கி வைத்த கோப்புகளை அவர் திரும்ப முகாம் அடைவுக்குள் கொண்டுவந்ததும், தியேட்டர் பக்கம் பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் எத்தனையோ மெஷின் மாறியது, வட்டு மாறியது. லேப்டாப்புக்குத் தேதி சரியா என்று பார்ப்பது முகாமில் முதல் வேலையானது. கௌரி மேடம் கணவருக்கு மாற்றலாகி பெங்களூரு போய்விட்டார். போனில் பேசினால் இப்போதும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேச மாட்டார். அவரிடம் கற்ற கட்டளைகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கட்டளைகளை நான் சொல்லித்தர வேண்டிய அவசியமும் இல்லை, அதை மெஷினே அழகாக எழுதித் தந்துவிடுகிறது. எழுதட்டும், எனக்கு அதன் மேல் கோபம் கிடையாது. ஆனால் தாயே, அது எழுதுகிற வரியில் யார் பெயர் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை அது பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதனால் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள். நான் கௌரி மேடத்தையும் வார்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். முதல் நாள் சாயங்காலமே அக்காவிடம் நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தேன். மெஷின், கோப்பு எதுவும் அவளுக்குப் புரியவில்லை. ஒரு பொண்ணு உன் பேரைப் படிச்சதாலதான் உனக்குக் கண்ணு கிடைச்சுது என்றேன். அது புரிந்தது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால் மேடத்தை மேலும் கீழும் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், முகத்துக்கு வந்து நின்றாள்.

"நீதானாம்மா என் பேரப் படிச்சது?"

"நான் படிக்கத்தான் செஞ்சேன்மா. அது நீங்கதான்னு கண்டுபுடிச்சது உங்க தம்பிதான்."

"அவன் கெடக்கறான். அவன் அவசரக் குடுக்கை, பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான்." அக்கா பொத்தியிருந்த கையை எடுத்தாள். வெளுத்துப்போன இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இன்னொண்ணு கீது. இதுக்கு எப்ப வரணும்?"

இரண்டு வருஷம் நான் நடந்த நடைக்கெல்லாம் வராத வார்த்தை அது. 

"ஒரு மாசம் போகட்டும்மா. டாக்டர் சொல்லுவாரு" என்றார் மேடம்.

"வர்றேன். அன்னிக்கும் நீயே குந்திப் படி. இவன எட்ட நிக்க வை."